உச்சி வேளையில் தண்ணீர் கேட்டவள்

பிப்ரவரி 5, திங்கள்

உயிரியல் ரெக்கார்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். அம்மா இதைப் பிரித்துப் பார்க்க மாட்டாள். முதல் பக்கத்தில் இருக்கும் தவளைப் படம் அவளுக்கு அருவருப்பு. அம்மாவும் அப்பாவும் தூங்கிய பிறகு குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்பது நாள் கழித்து இன்று நல்ல தண்ணீர் வந்தது. குடம், அண்டா, கடைசியில் குக்கர் வரைக்கும் பிடித்து வைத்தோம். பிடித்துக்கொண்டிருக்கும்போதே வேலவன் கார்டன் நலச்சங்கத்தின் கூட்டம் எங்கள் ஹாலில் நடந்தது. அப்பாதான் செயலாளர். எதிர்வீட்டுக் குழந்தைவேல் மாமா தலைவர். எப்போதும் போல, மூலை சைட்டில் எழும்பும் நான்கு மாடிக் கட்டடத்தைப் பற்றித்தான் பேச்சு. அங்கே குடும்பங்கள் வரப்போவதில்லை. வேலைக்குப் போகும் நூற்றிருபது பேர், அறைக்கு நான்கு பேராகத் தங்குவார்களாம். சமையலறையும் ஹாலும் எல்லாருக்கும் பொது.

“ஆணு பொண்ணெல்லாம் ஒண்ணா இருப்பாங்களாமா?” என்று பக்கத்து வீட்டுச் சாந்தாமணி அக்கா கேட்டாள்.

“மாடி வேற வேறயாம்,” என்றார் அப்பா.

“படிக்கட்டு ஒண்ணுதானுங்களே?”

எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. “நூத்தியிருவது பேரு குளிக்கோணும். அவன் ஆழத்துல போர் போட்டு உறிஞ்சினா, நம்ம போர்ல காத்துதான் வரும். அப்பச் சிரிங்க.”

இதுவரை நான்கு முறை மனு கொடுத்தாகிவிட்டது. அனுமதி எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று பதில் வந்துவிட்டது.

பிப்ரவரி 7, புதன்

டியூஷன் முடிந்து வரும்போது மணி ஆறரை. தெருவில் கரண்ட் இல்லை. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தலையோடு ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு யாரோ நிற்பதுபோல இருந்தது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

அப்பா டார்ச்சோடு போய்ச் சைக்கிளை எடுத்து வந்தார். நான் பார்த்தது ஒரு தூண். கான்கிரீட் சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்க நனைத்த சாக்கைச் சுற்றியிருந்தார்களாம். சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்ட பிறகு மாடிக்குக் கூட்டிப்போனார்.

“தூணுன்னு யாருகிட்டயும் சொல்லாத கண்ணு.”

“ஏனுங்கப்பா?”

“ஒரு பொம்பள நின்னான்னு சொல்லு. அவ்வளவுதான். வேலையாளுக நாலு பேரு பயந்து போனாப் போதும், கட்டடம் நின்னுரும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க.”

“அம்மாகிட்ட?”

“அம்மாகிட்டயும் வேண்டாம். நீயும் நானும் மட்டும்.”

அப்பா இதற்கு முன் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. சாந்தாமணி அக்கா வடை கொடுக்க வந்தாள். சொல்லிவிட்டேன். அவள் கையில் இருந்த தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“பேசுச்சா அம்மிணி?”

அப்பா சொல்லிக்கொடுத்ததில் பேச்சு எதுவும் இல்லை. ஆனால் என் வாய் சொன்னது: “தண்ணி கேட்டுச்சுங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் இரண்டு மாதமாகத் தண்ணீரைத் தவிர வேறு பேச்சே இல்லை.

பிப்ரவரி 12, திங்கள்

சாந்தாமணி அக்காவின் கதையில் கட்டடத்துப் பேய்க்கு மஞ்சள் நைட்டி. காய்கறி வண்டிக்காரரின் கதையில் அவளுக்குக் கால் இல்லை. பள்ளி வேனில் கேட்ட கதையில், அவள் அந்த இடத்தில் இருந்த கிணற்றில் விழுந்தவள். உச்சி வேளையில்கூட வந்து கேட்டைத் தட்டுவாளாம். தண்ணீர் கொடுத்துவிட்டால் பின்னாலேயே வீட்டுக்குள் வந்துவிடுவாளாம். வேனில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அங்கே கிணறு எதுவும் இருந்ததில்லை.

தெருவில் எல்லாக் கேட்டிலும் வேப்பிலையும் பழைய செருப்பும் தொங்குகின்றன. எங்கள் கேட்டில் அம்மா கட்டினாள். அவள் விழுந்துவிடாமல் அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 15, வியாழன்

வடக்கிலிருந்து வந்த வேலையாட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது காவலுக்கு இருக்கும் குடும்பம் மட்டும்தான். மாது அண்ணன், அவர் மனைவி மாதம்மா அக்கா, இரண்டு வயதுப் பையன் மாதேஷ். தர்மபுரிப் பக்கத்துக்காரர்கள். கட்டடத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள்.

இன்று கட்டடத்துக்குத் தண்ணீர் லாரி வந்தது. மாமா எல்லாரையும் கார்களைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தச் சொல்லியிருந்தார். முதலில் எங்கள் கார். லாரி டிரைவர் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“கட்டடத்துக்குத்தான் தண்ணி இல்லங்கறோம். மனுசங்களுக்கு வேண்டாம்னு யாரு சொன்னா?” என்றார் மாமா.

அந்தக் குடும்பம் குடிப்பதும் அதே லாரித் தண்ணீரைத்தான். இது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று ஒன்றும் நடக்கவில்லை. வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. அம்மா தையல் யூனிட்டுக்கும் அப்பா பம்ப் கம்பெனிக்கும் போயிருந்தார்கள். கணக்கில் இரண்டு பயிற்சிகளை முடித்தேன்.

பிப்ரவரி 21, புதன்

காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. கார்கள் குறுக்கே நின்றதால் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. மாது அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பின்னால் மாதம்மா அக்கா செருப்பில்லாமல் ஓடினாள்.

“மூணு நாளா வயித்தால போவுதாம்,” என்றாள் அம்மா. “செவுத்துக்கு ஊத்தற தொட்டித் தண்ணியக் குடுத்திருக்காங்க. ஒரு வார்த்த நம்மகிட்டக் கேட்டிருக்கலாமல்ல?”

நான் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலில் இருக்கும் திரைச்சீலையைத் துவைக்க எடுத்துப் போட்டிருந்தாள். ஜன்னல் மொட்டையாக இருந்தது. வேறு ஒன்றை மாட்டச் சொல்லிக் கேட்டேன். “திடீர்னு என்னடி?” என்றாள். வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

மாதேஷ் இறந்துவிட்டான்.

அப்பா சாப்பாட்டில் கையை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அப்படியே எழுந்துபோய்க் கையைக் கழுவினார். “சோறு கொழஞ்சிருச்சுங்களா?” என்று அம்மா கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மாதம்மா அக்கா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கேட்டிருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். யாரும் திறக்கவில்லையாம். உச்சி வேளையில் கேட்டைத் தட்டித் தண்ணீர் கேட்டால் யார்தான் திறப்பார்கள் என்றும் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 24, சனி

செவ்வாய்க்கிழமை எழுதியது பொய்.

மணி பன்னிரண்டரை இருக்கும். எங்கள் கேட் தட்டப்பட்டது. “அம்மா, கொஞ்சம் நல்ல தண்ணி குடுங்கம்மா,” என்று குரல் கேட்டது. நான் ஹால் ஜன்னலுக்குப் போனேன். வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஒரு நொடி அது அவள்தான் என்றே நினைத்துவிட்டேன். நான் உண்டாக்கியவள். நான் சொன்னபடியே வந்து, நான் சொன்னதையே கேட்கிறாள் என்று நினைத்தேன். உடனே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். குரல் அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் போனது. பிறகு கேட்கவில்லை.

குழந்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவனைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

சமையலறையில் ஒன்பது குடம் நிறையத் தண்ணீர் இருந்தது.

பிப்ரவரி 29, வியாழன்

சாந்தாமணி அக்கா மூச்சு வாங்க வந்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் கட்டடத்துக்குப் பின்னால், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தின் கரையில், அதைப் பார்த்தாளாம். கீழே குனிந்து மண்ணில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்ததாம்.

“இப்ப அது தண்ணி கேக்கறதில்ல. ஊத்துது! அந்தக் கொழந்தையையும் அதுதான் கொண்டுபோயிருச்சுங்கறேன்.”

மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகும்போது நானும் தினமும் பார்க்கிறேன். அது மாதம்மா அக்கா. மாதேஷை அந்தக் கரையில்தான் புதைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகலாம் என்று மாது அண்ணன் மன்றாடிப் பார்த்தார். அவள் அசையவில்லை. நேற்று அவர் மட்டும் மூட்டையோடு பஸ் ஏறினார். அவள் வீட்டு ஆட்களைக் கூட்டிவரப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் போனதை மட்டும்தான் தெரு பார்த்தது. குடும்பமே போய்விட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

மார்ச் 4, திங்கள்

வருகிற ஞாயிறு மாசி அமாவாசை. அன்றைக்கு அது வரும்போது அடித்துத் துரத்துவது என்று முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆண் வர வேண்டும். கிட்டப் போகக் கூடாது, கல்லால் அடிக்க வேண்டும். கட்டடத்து ஜல்லிக் குவியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றார் மாமா. “அவன் ஜல்லியிலயே அவன் பேய அடிப்போம்.”

சிரித்தார்கள். அப்பா சங்க நோட்டில் தீர்மானத்தை எழுதினார்.

மார்ச் 6, புதன்

இன்று சொல்லிவிட்டேன்.

மாமா வீட்டுப் போர்ட்டிகோவில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடி கொடுக்கும் சாக்கில் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். “அது பேய் இல்லீங்க. மாதம்மா அக்கா. அவங்க ஊருக்குப் போகல. கல்லெடுத்து அடிச்சுராதீங்க. நான் பாத்தது தூணுங்க. நான் சொன்னது பொய்யி.”

 சாந்தாமணி அக்கா எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். “கண்ணப் பாருங்க. நம்ம மிருதுளா இப்படியா முழிப்பா?”

“மாது மூட்டையோட போனத நானே பாத்தேன்,” என்றார் மாமா.

“அவர் மட்டும்தானுங்க மாமா போனாரு.”

“கேட்டீங்களா?” மாமா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். என்னிடம் பேசாமல் மற்றவர்களிடம் பேசினார். “அடிக்கப் போறோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் புள்ளையப் புடிச்சு, நான் இல்லீன்னு அதுவே சொல்லுது. மொதல்ல பாத்தது இவதானே? அன்னிக்கே ஏறியிருக்கும்.”

“இல்லீங்க மாமா!”

“ஆமா, இல்லீன்னுதான் சொல்லும்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். இந்த உலகத்தில் உண்மை தெரிந்த ஒரே ஒரு ஆள் அவர்தான். அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மூடி பொருந்தி வெகுநேரம் ஆன பிறகும் திருகிக்கொண்டிருந்தார்.

அம்மா அழுதுகொண்டே என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். பூசாரி முகத்தில் திருநீறு வீசினார். கறுப்புக் கயிறு ஒன்றை மந்திரித்து, “தகப்பன் கையால கட்டோணும்,” என்று நீட்டினார். அப்பா வாங்கினார். மூன்று முடிச்சு. மூன்றாவது முடிச்சுப் போட அவருக்கு வெகுநேரம் ஆனது. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 7, வியாழன்

“அப்பா, உங்களுக்குத் தெரியுந்தானுங்க?”

“தூங்கு கண்ணு.”

“அவங்க மேல கல்லு படுமுங்கப்பா.”

“நான் பேசி நிறுத்திடறேன். தூங்கு.”

மார்ச் 9, சனி

அவர் யாரிடமும் பேசவில்லை. இன்று டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வந்தார்.

தெருவில் என் வயதுப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறார்கள். சாந்தாமணி அக்கா போன வாரம் கொடுத்த கிண்ணத்தை என் கையிலிருந்து திருப்பி வாங்கவில்லை. இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறபோது, டம்ளரை எடுக்கும் கை என்னுடையதுதானா என்று பார்த்துக்கொள்கிறேன். ஒருவேளை அவர்கள் சொல்வதுபோல அன்றைக்கே ஏதோ ஏறிவிட்டதோ? இல்லாவிட்டால் கதவைத் திறக்காமல் இருந்தது யார்?

மார்ச் 10, ஞாயிறு

முழங்கை வீங்கியிருக்கிறது. எழுத வலிக்கிறது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

அம்மா சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது பின்கதவு வழியாகப் போனேன். பள்ளத்துக் கரையில் அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அந்த மண்மேடு ஒரு தலையணை அளவுதான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரும்பி ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். புரையேறிவிடக் கூடாது என்று குழந்தைக்குப் புகட்டுவதுபோல, கொஞ்சம் ஊற்றுவாள், நிறுத்துவாள், மறுபடி ஊற்றுவாள்.

“அக்கா, எந்திரிங்க. கல்லெடுத்துட்டு வர்றாங்க,” என்றேன். கேட்டதாகவே தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அவள் நகரவில்லை. அதனால் நானும் நகரவில்லை.

முதல் கல் எங்களுக்கு முன்னால் விழுந்தது. இரண்டாவது என் முழங்கையில் பட்டது.

“ரெண்டு இருக்குதுடா!” என்று மாமா அலறினார். அவர் நடிக்கவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் எந்தப் பெரியவர் குரலிலும் கேட்டதில்லை. அதை உண்டாக்கியது நான்.

அக்காவின் தலைக்கு மேல் குனிந்துகொண்டு, “அப்பா!” என்று கத்தினேன். மூன்றாவது கல் என் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ விழுந்தது. “அப்பா! அப்பா!”

ஒரு டார்ச் வெளிச்சம் கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்து, ஆடிக்கொண்டே ஓடிவந்தது. அப்பா எங்களுக்கு முன்னால் வந்து, அவர்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“போடாதீங்க. மனுசங்க. ரெண்டும் மனுசங்க.”

“தங்கவேலு, தள்ளி வா! உன்னயும் புடிச்சிரும்!” என்று மாமா அப்பாவைக் கூப்பிட்டார்.

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்லீங்கண்ணா. தூணப் பாத்துட்டு வந்த புள்ளைய, பொம்பளன்னு சொல்லச் சொன்னது நான். நாந்தான். பச்சக் கொழந்த செத்துப்போச்சு. இனி என்ற புள்ளையவும் அடிக்கப் போறீங்களா?” அப்பா சொல்லிவிட்டு டார்ச்சைத் திருப்பி மாதம்மா அக்காவின் முகத்தில் அடித்தார். அவள் கண் கூசி, கையால் முகத்தை மறைத்தாள். சாதாரணமாக யாரும் மறைத்துக்கொள்வதுபோலத்தான்.

 கற்கள் கீழே விழும் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். பிறகு தெருவில் கேட்டுகள் சாத்தப்படும் சத்தம். மாமாவின் கேட்தான் கடைசியாகச் சாத்தப்பட்டது. அப்பா அதே இடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். 

மாதம்மா அக்கா பாட்டிலை மூடினாள். என் கையைப் பிடித்து, முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒடையல. வீங்கும்.”

பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னிக்கி சன்னல்ல நின்னது நீதானே?”

“ஆமாங்க.”

“எம்புள்ள தலையத் தூக்கி உன்னப் பாத்தான். அவ்ளோ முடியாதப்பவும் கையாட்டினான். நீயும் ஆட்டின.” அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “அப்பறம் திரைய இழுத்துட்ட. அக்கா கதவத் தொறக்கத்தான் வர்றாங்க, செத்த இருடான்னு அவன்கிட்டச் சொல்லிட்டு நின்னேன். வெகுநேரம் நின்னேன்.”

அவன் கையாட்டினான். நானும் ஆட்டினேன். அது பேய் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தால், தண்ணீர் கேட்பது மனுஷிதான் என்று தெருவுக்கே தெரிந்துவிடும், அப்பாவின் கதை பொய்யாகிவிடும் என்றுதான் நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் போனதெல்லாம் பிறகுதான். இதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் இத்தனை இரவும் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.